ஒன்பது என்று எழுத மாட்டேன்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். காரணத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

சென்ற மாதம் சிரம்பான் லோபாக்கில் இருக்கும் என் வீட்டுக்கு யாழினி வந்திருந்தாள். நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையில் இப்போது அவள் விரிவுரையாளர். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் வேகம். வந்து உட்கார்ந்ததும் முறுக்கு டின்னைத் தள்ளி வைத்துவிட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் ஒரு வகுப்பறை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக நிறம் மாறிக்கொண்டே போனது.

"மேடம், பாருங்களேன். நீங்கல்லாம் அப்ப உக்காந்து கையால எழுதினத இது தானாவே எழுதுதுலா. பழைய ஷீட்ட எல்லாம் ஸ்கேன் பண்ணித்தான் இதுக்குச் சொல்லிக் குடுத்தோம். நீங்க எழுதினதும் இது எழுதுறதும் அப்படியே ஒத்துப்போவுது. பேப்பர்ல ஒங்க பேரும் வருது. இரண்டாம் பார்வையாளர்."

"எந்தப் பள்ளிக்கூடத்து ஷீட்டு?"

"எல்லாந்தான் மேடம். சிரம்பான் டவுன் ஸ்கூலு, கோலா பிலா, அப்புறம் புக்கிட் பெலண்டோக் பக்கம் அந்தத் தோட்டப் பள்ளி."

திரையில் ஒரு சின்னப் பள்ளியின் கூட்டு வகுப்பு வந்தது. இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில், ஆசிரியர் ஒருவர். அவர் ஒரு பக்கம் திரும்பிப் பாடம் நடத்த, மறுபக்கத்துப் பிள்ளைகள் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தார்கள். பட்டை முழுக்கச் சிவப்பு.

"அது என்னா சிவப்பு?"

"ஒன்பது மேடம். அமைதி அல்லது குழப்பம். நீங்க வச்ச கேட்டகரிதானே?"

எனக்கு வந்த கோபத்தில் தேநீரை அப்படியே வைத்துவிட்டேன். நான் வைக்கவில்லை, தாயே. அந்த ஒன்பதால்தான் எனக்கு வேலை போனது.

என் படிப்பை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். பிறந்தது கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டம், அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள், படித்தது தோட்டப் பள்ளி. ஆசிரியர் பயிற்சி முடித்துக் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, மறுபடியும் படித்து, கல்வித் துறையில் ஒப்பந்த ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். இதில் யாரும் கண்ணீர் விட ஒன்றுமில்லை. என் வயதுக்காரர்கள் பலருக்கும் இதே கதைதான்.

துறையில் எனக்கு மேலதிகாரி டாக்டர் சத்தியசீலன். சிரம்பானில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, வெளிநாட்டில் படித்தவர். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. பேச ஆரம்பிக்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் நம்மைப் பார்த்தபடி வைப்பார். பேசும்போது பிளேடால் பென்சில் சீவிக்கொண்டே இருப்பார். கத்தவே மாட்டார். கோபம் ஏற ஏறப் பேச்சு மெதுவாகும். அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தால், பியூன்கூடக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவான். திறமைசாலி. இன்றைக்கும் மறுக்க மாட்டேன். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை வாய்க்கு வந்தபடி சொல்லாமல் உட்கார்ந்து கவனித்து எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அந்த எழுதும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் என் சண்டை புரியாது. ஒரு கேசட் பிளேயர், காதில் ஒரு குமிழ், மடியில் பலகை, பலகையில் கட்டம் போட்ட தாள். கேசட்டில் சில விநாடிக்கு ஒரு தடவை மணி அடிக்கும். அது நம் காதுக்கு மட்டும்தான் கேட்கும். அந்த நொடியில் வகுப்பில் யார் என்ன பேசுகிறார்களோ அதற்கு உரிய எண்ணைக் கட்டத்தில் எழுத வேண்டும். ஆசிரியர் விளக்கினால் ஓர் எண், கேள்வி கேட்டால் ஓர் எண், திட்டினால் ஓர் எண். மாணவர் பதில் சொன்னால் ஓர் எண், தானாகக் கேள்வி கேட்டால் வேறு எண். யாரும் பேசாவிட்டாலோ, பேசுவது விளங்காவிட்டாலோ ஒன்பது.

எங்கே உட்கார வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. கடைசி வரிசைக்குப் பின்னால், மூலையில். எழுந்து நடக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, பிள்ளை திரும்பிப் பார்த்தால் தாளைப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்புக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மூலை. ஒரு மூலையில் நான், இன்னொன்றில் தேவன். தேவன் நல்ல மனிதர், எதற்கும் சிரிப்பவர், அந்த விதி ஒன்றுதான் அவருக்குக் கஷ்டம். திரும்பி வந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாக்டர் சரிபார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால் அன்றைக்கு எங்களுக்கு அவர் செலவில் காப்பி.

டவுன் பள்ளிகளில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு வகுப்பு, ஒரு ஆண்டு, ஒரு ஆசிரியர். அவர் கேட்பார், பிள்ளைகள் சொல்லும், நாங்கள் எழுதுவோம். அதன் பிறகுதான் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்குப் போனோம். பெயரை எழுத மாட்டேன், அன்றைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். செம்பனை மரங்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட பள்ளி. மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறையில். ஆசிரியை மகேஸ்வரி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், மெலிந்த உடம்பு, கனத்த குரல்.

அங்கே நாங்கள் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. கூட்டு வகுப்பில் பிள்ளைகள் உண்மையிலேயே படிக்கிறார்களா என்று கல்வி இலாகா எங்கள் துறையிடம் கேட்டிருந்தது. இல்லை என்று நாங்கள் எழுதினால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி டவுன் பள்ளிக்கு அனுப்புவதாகப் பேச்சு. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் தோட்டத்தில் விடியும் முன்பே தாயும் தகப்பனும் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போயாக வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி பஸ்ஸில் ஏற்றிவிட வீட்டில் யார் இருக்கிறார்கள்? பாதிப் பிள்ளைகள் அந்த பஸ்ஸைப் பார்க்கவே பார்க்காது. இது மகேஸ்வரி டீச்சருக்குத் தெரியும். எனக்கும் தெரியும், நானும் அப்படி ஒரு வீட்டில் தனியாகக் கண் விழித்தவள்தான்.

போன நாள் எல்லாம் ஒன்பது, ஒன்பது, ஒன்பது. டீச்சர் நான்காம் ஆண்டுப் பக்கம் திரும்பினால் மூன்றாம் ஆண்டு குனிந்துகொள்ளும். மூன்றாம் ஆண்டுப் பக்கம் திரும்பினால் நான்காம் ஆண்டு குனிந்துகொள்ளும். எங்களுக்குத் தெரிந்தது பிள்ளைகளின் பின்னந்தலைகளும் எண்ணெய் தடவிய சடைகளும்தான். ஏதோ ஒரு முணுமுணுப்பு, ஒரு சொல்லும் விளங்காது. விதிப்படி ஒன்பது எழுதினேன். தேவனும் ஒன்பது. இரண்டு தாளும் அச்சடித்த மாதிரி ஒத்துப்போயின. டாக்டருக்குத் தாங்க முடியாத சந்தோஷம், காப்பியோடு கறிபாப்பும் வாங்கிக் கொடுத்தார். யாழினி ஸ்கேன் செய்திருப்பவை அந்தத் தாள்கள்தான். நான் எழுதியவைதான். அதை மறைக்கவும் மாட்டேன், அதற்காகத் தலை குனியவும் மாட்டேன். அந்த மூலையில் உட்கார வைத்தால் யாரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

பிறகு ஒரு நாள் கொட்டு கொட்டென்று மழை. கூரை ஒழுகி நேராக என் பலகையில் சொட்டியது. தாள் நனைந்தால் டாக்டருக்கு யார் பதில் சொல்வது? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில், ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். விதியை மீறி இடம் மாறியது அதுதான் முதல் தடவை. காதில் மணி அடித்தது, எழுதத் தலை நிமிர்ந்தேன். அப்போதுதான் அந்தப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தேன்.

எல்லா வாயும் அசைந்துகொண்டிருந்தது. நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் நோட்டில் விரல் வைத்து என்னவோ சொன்னது. சின்னது தலையை ஆட்டி மறுத்தது. பெரியது மேசையில் பென்சில், ரப்பர், புளியங்கொட்டை எல்லாவற்றையும் பரப்பிப் பிரித்துக் காட்டியது. அடுத்த மேசையிலும் அப்படித்தான். அதற்கு அடுத்ததிலும். மணி அடித்தது. நான் எழுதவில்லை. மறுபடியும் அடித்தது. பென்சில் கையில் இருந்தது, எழுதத்தான் மனம் வரவில்லை.

இடைவேளையில் மகேஸ்வரி டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். "டீச்சர், பிள்ளைங்க பேசிக்கிட்டே இருக்காங்களே?"

அவர் முகம் செத்துப்போனது. "அய்யோ, கேட்டுருச்சா? சத்தம் வரக் கூடாதுன்னு சொல்லித்தான் வச்சிருக்கேன்."

விஷயம் இதுதான். தலைமையாசிரியருக்கு வகுப்பில் சத்தம் ஆகாது. நசீர், அதாவது பள்ளிகளைச் சோதிக்க வரும் இலாகா அதிகாரி, வந்தாலும் முதலில் பார்ப்பது அமைதியைத்தான். ஒரே ஆள் இரண்டு ஆண்டுக்குப் பாடம் நடத்துவதென்றால் பிள்ளைகள் ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்காமல் முடியாது, சொல்லிக் கொடுப்பதென்றால் பேசாமல் முடியாது. அதனால் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மேசையில் அடிக்கோலைப் படுக்க வைத்தால் மூச்சுக் குரலில் பேச வேண்டும். நிறுத்தி வைத்தால் வாயை மூட வேண்டும். அந்த வகுப்பில் அடிக்கோல் எந்நேரமும் படுத்தேதான் கிடந்தது. நாங்கள் வந்த நாளிலிருந்து குரல் இன்னும் இறங்கியிருந்தது.

"ஒங்கள நசீர் அனுப்பின ஆளுங்கன்னு நெனச்சேன்லா. அதான் பிள்ளைங்ககிட்ட, பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கவே கூடாதுன்னேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. தன் வகுப்பைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பிள்ளைகளின் குரலைக் குறைத்தார். குரல் குறையக் குறைய நாங்கள் ஒன்பது எழுதினோம். அந்த ஒன்பதை வைத்துத்தான் பள்ளியை மூடப் பார்த்தார்கள்.

மேசைக்கு அடியில் ஒரு ரெக்கார்டர் வைக்கட்டுமா என்று கேட்டேன். முடியவே முடியாது என்றார். "நசீர் கையில கெடச்சா என் வேல போயிரும். ஒங்களுக்கு என்னா, சிரம்பான்ல காத்தாடிக்குக் கீழ உக்காந்திருப்பீங்க."

"டாக்டரைத் தவிர யாரும் கேக்க மாட்டாங்க டீச்சர். நீங்க மொதல்ல கேளுங்க. வேணாம்னா ஒங்க கையாலயே அழிச்சிருங்க."

இரண்டு நாள் யோசித்துச் சரி என்றார். பிள்ளைகளிடமும் சொல்லித்தான் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அது மறந்து பழைய முணுமுணுப்புக்கே வந்துவிட்டார்கள்.

அந்த கேசட்டை டாக்டர் அறையில் போட்டேன். அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார், பென்சிலை எடுத்தார். முதலில் நாற்காலி இழுக்கும் சத்தம். பிறகு ஒரு பெண் பிள்ளையின் மூச்சுக் குரல்.

"இருபத்துநாலு ரம்புத்தான் பழம்லா. நாலு பேரு. மொதல்ல எல்லாருக்கும் ஒன்னு ஒன்னு குடு."

"எனக்கு மட்டும் ரெண்டு."

"போடா. அப்புறம் கணக்கு தப்பாயிரும்."

"ஏன் தப்பாவுது?"

"ஏன்னா நீ திருடிட்ட. மிச்சம் மூணு பேரும் சும்மா விடுவாங்களா?"

"அப்ப இருபத்தஞ்சு இருந்தா? அந்த ஒன்னு யாருக்கு?"

மேசையில் புளியங்கொட்டைகளைத் தள்ளி எண்ணும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னாள்: "தெரியல. இரு, டீச்சர் இந்தப் பக்கம் திரும்பட்டும், கேப்போம்."

டாக்டர் பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டார். கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. வேறொரு பையனின் குரல் வந்தது.

"அந்த அக்கா ஏன் எப்பப் பாத்தாலும் குனிஞ்சே எழுதுறாங்க?"

"சும்மா இருலா. காதுல மெசின் வச்சிருக்காங்க பாரு. பாவம், அவுங்களுக்குக் காது கேக்காது."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. நாடாவைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"பிரமாதம், மிஸ் கனகா. ரொம்ப அழகா இருக்கு. ஆனா இதுக்கு நம்மகிட்ட எண் இல்லையே."

"புதுசா ஒன்னு வைப்போம் டாக்டர். மாணவர் மாணவருக்குச் சொல்லிக் குடுக்கிறது."

"பாதி ஆய்வுல எண்ணை மாத்தினா டவுன் பள்ளியோட எப்படி ஒப்பிடுறது? ஆளாளுக்கு இஷ்டப்பட்டபடி எழுதினா அதுக்குப் பேரு ஆய்வு இல்ல, கதை. அடிக்குறிப்பாப் போட்டுடலாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை அன்றைக்கும் அவரிடமே ஒத்துக்கொண்டேன். ஆனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் என்ன தட்டச்சு செய்திருந்தது தெரியுமா? 'தோட்டப் பள்ளி மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை.' அந்த இருபத்தைந்தாவது ரம்புத்தான் யாருக்கு என்று கேட்ட பிள்ளையைப் பற்றித்தான் அப்படி எழுதியிருந்தார்கள்.

"இலாகாவுல அடிக்குறிப்பு படிச்சிட்டா பள்ளிக்கூடத்த மூடுறாங்க, டாக்டர்? முதல் பக்கத்தப் படிச்சாலே பெரிசு."

"நீயும் தேவனும் தனித்தனியா எழுதி ஒரே முடிவுக்கு வந்திருக்கீங்க. அதைவிட என்ன எவிடென்ஸ் வேணும்?" ஒவ்வொரு சொல்லும் இப்போது தனித்தனியாக வந்தது.

"ரெண்டு பேரையும் ஒரே எடத்துல உக்கார வச்சீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கேக்கல. ஒரே நேரத்துல நின்னுபோன கடிகாரம் ரெண்டு இருந்தா ரெண்டும் ஒரே மணியத்தான் காட்டும்."

அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். அந்த அறையில் பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அறிக்கை இலாகாவுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பார்வையாளரும் கையெழுத்துப் போட வேண்டும். விதி டாக்டருடையதுதான். தேவன் போட்டுவிட்டார். வெளியே வந்து என் தோளைத் தட்டினார். "எனக்கு ஆவணில கல்யாணம், கனகா. நான் வீரம் பேச முடியாது." அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் போடவில்லை. அந்த வாரம் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, பியூன் தாளைக் கொண்டுவந்து வைப்பான். நான் அப்படியே திருப்பி அனுப்புவேன். மூன்றாவது முறை தாளோடு இன்னொரு தாளும் வந்தது. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு கையெழுத்துக்கா வேலைய விட்ட? பைத்தியமா ஒனக்கு?" ஆமாம், ஒரு கையெழுத்துக்குத்தான். வேறு எதை வைத்து அவர்களைத் தடுப்பது? என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

இரண்டாம் கையெழுத்து இல்லாத அறிக்கையை டாக்டரால் அனுப்ப முடியவில்லை. தன் விதியைத் தானே உடைக்கும் ஆள் இல்லை அவர், அந்த மட்டில் அவரை நான் மதிக்கிறேன். தோட்டப் பள்ளிப் பகுதியை அப்படியே வெட்டிவிட்டு டவுன் பள்ளிகளைப் பற்றி மட்டும் அனுப்பினார், அதற்கு நான் மறுக்காமல் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வார்த்தையை வைத்து அந்தப் பள்ளியை யாரும் மூடவில்லை. வெகு காலம் கழித்துத் தோட்டம் விற்கப்பட்டபோது பள்ளி லுக்குட் சாலைப் பக்கம் இடம் மாறியது. பெயரோடுதான் போனது, பிள்ளைகளோடுதான் போனது.

நான் மறுபடியும் பள்ளி ஆசிரியை ஆனேன். பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராகி அங்கேயே ஓய்வு பெற்றேன். டாக்டர் பட்டம் வாங்கவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் பேராசிரியர் ஆகிவிட்டார்கள், சிலருக்கு டத்தோ விருதுகூடக் கிடைத்துவிட்டது. தீபாவளி விருந்துகளில் பார்க்கும்போது, "நீ மட்டும் அன்னைக்குக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணியிருந்தா" என்று ஆரம்பிப்பார்கள். கோழிக்கறியை எடுத்துப் போட்டுக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவேன்.

இப்போது யாழினிக்கு வருகிறேன். இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். அவள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"ஆனா மேடம், இது மெஷின். ஒங்கள மாதிரி மூலையில ஒக்காரல."

"மைக் எங்கலா இருக்கு?"

"டீச்சர் சட்டையில."

"அப்ப மூலையில இல்ல, டீச்சர் கழுத்துல உக்காந்திருக்கு. பிள்ளை பேசுறது அதுக்கு எப்படிக் கேக்கும்?"

ஒவ்வொரு மேசைக்கும் மைக் வைக்கப் பட்ஜெட் இல்லை என்றாள். பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும் என்றாள். கட்டுரைக்குத் தேதி நெருங்கிவிட்டது என்றாள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். டாக்டர் சொன்னதும் உண்மையாகத்தான் இருந்தது. இந்தச் சிவப்புப் பட்டையை நம்பி நாளைக்கு யாராவது ஒரு சின்னப் பள்ளியைப் பார்த்து, இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினால் பதில் சொல்வது யார்? மெஷினா? அதற்குப் பக்கத்தில் என் பெயர் அல்லவா இருக்கும்? அன்றைக்கு உயிரோடு இருந்த ஒரு பெரிய மனிதருக்கே போடாத கையெழுத்தை இன்றைக்கு ஒரு டப்பாவுக்குப் போடுவேனா?

யாழினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். போகட்டும். கோபம் தணிந்ததும் மைக்கை எங்கே மாட்டுவது என்று யோசிப்பாள். யோசிக்காவிட்டாலும் என் பதில் மாறாது.

இதை எழுதும் முன் மகேஸ்வரி டீச்சருக்கு போன் போட்டேன். புக்கிட் பெலண்டோக்கில் மகனோடு இருக்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கேசட்டில் பிள்ளைகள் பேசியதை அச்சில் போடலாமா என்று கேட்டேன். வாக்குக் கொடுத்தவள் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

துறைக்கு நான் சொல்வது இதுதான். 'இரண்டாம் பார்வையாளர்: கனகா' என்ற வரியை எடுத்துவிடுங்கள். முடியாது, என் பெயர் இருந்துதான் ஆக வேண்டும் என்றால், அதற்குப் பக்கத்திலேயே அந்தப் பையன் சொன்னதையும் போடுங்கள்: 'பாவம், அவுங்களுக்குக் காது கேக்காது.' எங்கள் ஆய்விலேயே சரியாகக் கவனித்துச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

போனில் டீச்சர் இப்படித்தான் சொன்னார்: "அப்ப மெதுவாப் பேசச் சொன்னவ நாந்தான். இப்பவும் நாந்தான் சொல்றேன். நல்லாச் சத்தமா எழுது, கனகா."

எழுதிவிட்டேன், டீச்சர்.